நிபந்தனைப் பட்டாவும் உப்புக் கிணறும்

பழைய செட்டில்மெண்ட் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் சில புல எண்களுக்கு நேரே, கடைசியில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில், ‘டி.சி.’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையோடு ஒப்படை செய்யப்பட்ட நிலம் என்பதற்கான அடையாளம் அது. தாலுகா அலுவலகத்தில் டி.சி. நிலம் என்பார்கள்; ஊரில் பஞ்சமி நிலம். இந்த நிலங்கள் கைமாறிப் போன கதை தமிழ்நாட்டில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள், கடனுக்கு எழுதி வாங்கியவர்கள், பதிவேட்டைத் திருத்தியவர்கள் என்று அந்தக் கதையில் வரும் எல்லோரும் உண்மையானவர்களே. ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் நின்று பார்த்தால் அந்தக் கதை பாதிதான். இங்கே பட்டா கையில் இருந்தும் நிலம் போனது. அதற்குக் காரணத்தை 1970களின் டேனரிக் கழிவில் மட்டும் தேடினால் போதாது. 1892இல் நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்த விதத்திலேயே அது தொடங்குகிறது. புல எண்ணைக் கொடுத்தார்கள், விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்த நிலத்துக்கு நீர் எங்கிருந்து வரும், வண்டி எந்த வழியாகப் போகும், அதைச் சேர்ந்து காக்கப் போவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதாமலே கொடுத்தார்கள்.

தொடக்கம் செங்கல்பட்டில். அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். வறுமைக்கு மழையையோ குடியையோ காரணமாகச் சொல்லி ஒதுங்காமல், நிலத்தைக் காட்டினார். தொண்டை மண்டலத்தில் மிராசுதார்கள் ஊரின் தரிசுக்கும் தாங்களே முதல் உரிமையாளர்கள் என்று நின்றார்கள். ஒரு படியாள், அதாவது பண்ணையாள், தரிசு கேட்டுத் தர்காஸ்து மனு போட்டால், அதே நிலத்துக்கு மிராசுதாரும் மனு போடுவார், அவருக்கே முன்னுரிமை. மீறினால் குடிசை நிற்கும் மனையும் தன்னுடையதுதான் என்று வெளியேற்றுவார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஆகியோரும் இதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். விவகாரம் 1892 மே மாதம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. சென்னையில் வருவாய் வாரியத்துக்கு இந்த அறிக்கை பிடிக்கவில்லை; பெரும்பகுதியை மறுத்தது. இருந்தும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணைகள் 1010, 1010அ வழியாக, தரிசில் ஒரு பங்கை ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் மாகாணம் முழுவதும் இப்படி ஒதுக்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அதே ஆண்டுகளில் அதே நாடாளுமன்றம் தன் சொந்த நாட்டு ஏழைகளுக்கும் நிலம் பங்கிட்டுக்கொண்டிருந்தது என்பதை நம்மில் அதிகம் பேர் கவனிப்பதில்லை. இங்கிலாந்தில் கூலித் தொழிலாளர்களுக்குக் காய்கறித் தோட்டம் ஒதுக்க வழிசெய்த சட்டம் 1887இல் வந்தது. சிறு பண்ணைகளுக்கான சட்டம் 1892இல். அங்கே ஒரு தோட்டத் துண்டின் வழக்கமான அளவு 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்டைக் கொஞ்சம் தாண்டும். நம் ஊரில் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது நிலமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆறு சென்ட் தனியாக நிற்கவில்லை. பல துண்டுகள் சேர்ந்த ஒரே வளாகம் அது. உள்ளாட்சியே நிலத்தின் சொந்தக்காரர். வடிகால் வெட்டவும் வேலி போடவும் பாதை அமைக்கவும் 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிக்கு அதிகாரம் தந்தது. தோட்டத்துக்கென்று வாங்கிய இடத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்று 1925ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நிலத்தைக் காக்கும் பொறுப்பை அங்கே உள்ளாட்சியின் தலையில் வைத்தார்கள். சென்னை மாகாணத்திலோ அந்தப் பொறுப்பு முழுவதும் ஏழையின் தலையில் விழுந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கொடுக்கலாம். மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும். நிபந்தனைகள் எல்லாமே வாங்கியவனுக்கு. கொடுத்த அரசுக்கு ஒன்றுகூட இல்லை.

கொடுத்த நிலம் எப்படிப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில் இருந்த நன்செய் அப்போதே பட்டாவில் அடைபட்டிருந்தது. மிச்சம் இருந்தது மேட்டுப் புன்செய், கரட்டு ஓரம், ஓடைக் கரை. சில ஊர்களில் அது ஒரே தொகுப்பாகக் கிடைத்தது. பல ஊர்களில் இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு. ஏரிப் பாசனத்தில் ஒரு வயலுக்கு வாய்க்கால் உண்டு, மடை உண்டு, முறை வைத்துத் தண்ணீர் விட நீர்க்கட்டி உண்டு, தூர் வாரும் கடமையிலும் பங்கு உண்டு. அந்த ஏற்பாட்டுக்குள் இருப்பவன் வறட்சியிலும் நாலு பேரோடு சேர்ந்து நிற்பான். தரிசு ஒப்படை பெற்றவனுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. தரிசு என்று பதிவேடு சொன்னாலும் அது சும்மா கிடந்த நிலமும் அல்ல. ஆடு மாடு மேய்ந்தது, விறகு பொறுக்கினார்கள், தழை அறுத்தார்கள். தோல் பதனிட அந்தக் காலத்தில் பயன்பட்ட ஆவாரம்பட்டை இப்படிப்பட்ட மேட்டு நிலத்திலும் கரட்டிலும் வளர்ந்த செடியிலிருந்துதான் உரிபட்டது. எல்லோரும் புழங்கிய வெளியில் ஒரு பகுதியை அளந்து, கல் நட்டு, ஒருவன் பெயரில் எழுதினால் அவனுக்கு நிலம் கிடைக்கும். அதைச் சுற்றியிருந்த புழக்கம் கூடவே வராது. நடைபாதை பக்கத்துப் பட்டாதாரரின் வரப்பு வழியாகப் போகிறது என்றால், விதைப்பதும் அறுப்பதும் அவர் தயவில்தான்.

அரசுக்கு இது தெரியவில்லை என்று சொல்ல முடியாது. 1920இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்காகத் தொழிலாளர் துறை ஏற்பட்டபோது, குடியிருப்பு விஷயத்தில் அது சரியாகவே யோசித்தது. மனைக்கு நிலம் கையகப்படுத்தியது. விலையைத் தவணையில் கட்டக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தது. குடிநீர்க் கிணறு வெட்டியது. தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் பாதை விட்டது. வட மாவட்டங்களில் இன்று காலனி என்று அழைக்கப்படும் குடியிருப்புகள் பலவற்றின் நேர்த்தெருக்களில் அந்த யோசனையின் தடம் தெரியும். வீடு என்றால் அதற்குத் தெருவும் கிணறும் வேண்டும் என்று புரிந்துகொண்ட அரசு, வயல் என்றால் அதற்கு வாய்க்காலும் வண்டிப்பாதையும் வேண்டும் என்பதை மட்டும் அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டது. இரண்டும் ஒரே மக்களுக்கு, ஒரே அரசு செய்த ஒதுக்கீடு. ஒன்று இடமாக நிலைத்தது. மற்றொன்று எண்ணாகவே கிடந்தது.

வாய்க்கால் இல்லாத நிலத்துக்குக் கிணறுதான் கதி. இந்த வட்டாரம் அடங்கிய பழைய வட ஆற்காடு, கிணற்றுப் பாசனத்துக்குப் பேர்போன மாவட்டம். 1970களில் பசுமைப் புரட்சியை ஆராய வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் தங்கள் களங்களில் ஒன்றாக இதைத் தேர்ந்ததும் சும்மா அல்ல. மின் மோட்டார் வந்தபின் யாருக்குக் கிணறு ஆழம், அவருக்கு மகசூல் என்றாயிற்று. ஒப்படை நிலம் வைத்திருந்தவர்களில் முடிந்தவர்கள் கடன்பட்டுக் கிணறு தோண்டினார்கள். அந்த நேரத்தில்தான் தோல் தொழில் தன் ரசாயனத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் என்று தாவரப் பொருளில் பாதி பதனிட்ட தோல் பெருமளவில் கப்பலேறியது. 1972இல் தோல் தொழிலை ஆராய்ந்த சீதாராமையா குழு அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து பச்சைத் தோல் ஏற்றுமதி தடையாயிற்று, பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோலும் செருப்பும் செய்து அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. கூடவே குரோம் பதனிடுதல் பெருகியது. ஒரு கிலோ முடித்த தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. அந்தத் தண்ணீர் ஓடையில், ஏரியில், பாலாற்று மணலில் இறங்கியது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு முதலில் கிணற்றுக்கு வந்தது. மோட்டார்க் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு, வரப்போரம் காய்ந்ததும் பூக்கும் உப்பு, நுனி கருகிய நாற்று, சிறுத்துக்கொண்டே போன தேங்காய். ஆயக்கட்டில் இருந்தவனுக்கு மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டில் ஏரி நீராவது உப்பைக் கழுவியது. கிணற்றை மட்டும் நம்பிய மேட்டு நிலத்துக்கு அந்த வழியும் இல்லை. ஒப்படை நிலம் ஏன் முதலில் விழுந்தது என்பதற்கு என் பதில் இதுதான்: சாதி பார்த்துக் கழிவு ஓடவில்லை, ஆனால் சாதி பார்த்துப் பங்கிட்ட நிலத்துக்கு மாற்று நீர் இல்லாமல் இருந்தது.

இதற்கு இந்த வட்டாரத்தில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நிலத்தை ஏன் இவ்வளவு புனிதமாக்குகிறீர்கள், இங்கே தலித் மக்களை நிமிர வைத்தது நிலமா கூலியா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கச் சுரங்கத்தை நடத்தத் தொடங்கியதிலிருந்தே வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆட்கள் ரயிலேறினார்கள். முஸ்லிம் வணிகர்கள் நடத்திய டேனரிகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வேலை அருவருப்பானது, உடம்பைக் கெடுப்பது. ஆனால் கூலி கையில் காசாக வந்தது, வருஷக் கடைசியில் களத்தில் நின்று நெல்லுக்குக் கை ஏந்த வேண்டியதில்லை. படியாள் முறை இந்தப் பகுதியில் தளர்ந்ததில் அந்தக் காசுக்குப் பங்கு உண்டு. பின்னால் வந்த ஷூ கம்பெனிகள் பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. இதையெல்லாம் மறுத்துவிட்டுப் பஞ்சமி நிலத்தைப் பற்றி மட்டும் உருகுவது வரலாறு ஆகாது. ஆனால் கூலியும் நிலமும் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணம்தான் இந்த மறுப்பின் பலவீனம். டேனரி மூடியிருக்கும் மாதத்தில் அடுப்பெரிய இரண்டு ஏக்கர் கேழ்வரகோ வேர்க்கடலையோ இருப்பவன் கூலிக்குப் பேரம் பேசலாம். இல்லாதவன் சொன்ன கூலிக்குப் போக வேண்டும். கூலி தந்த தொழிலே அந்த இரண்டு ஏக்கரின் கிணற்றையும் கெடுத்தபோது, தொழிலாளி சம்பளத்தில் பெற்றதில் ஒரு பகுதியைத் தண்ணீரில் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தான்.

நிபந்தனையே தவறு, விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாத சொத்து சொத்தே அல்ல, அது ஏழையை ஏழையாகவே வைக்கும் என்பது இன்னொரு வாதம். படித்தவர்கள் மத்தியில் இதற்கு மதிப்பு அதிகம். கடன் கிடைப்பது கடினம் என்பது உண்மையே. ஆனால் நிபந்தனை இருந்தும் இவ்வளவு நிலம் போயிற்றே, இல்லாவிட்டால் என்ன மிஞ்சியிருக்கும்? நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. மீட்கக் கேட்பதற்குச் சட்டத்தில் பிடி இருப்பதே அந்தப் பழைய நிபந்தனையால்தான். 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் இறந்தது செங்கல்பட்டு மாவட்டம் காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில். அந்தப் போராட்டம் பிடித்து நின்றதும் இந்த நிபந்தனையைத்தான். என் குறை நிபந்தனை இருந்தது என்பதல்ல. அது பதிவேட்டில் ஒரு கட்டத்துக்குள் மட்டும் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இல்லை என்பதுதான். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற பதிவேட்டுப் புதுப்பிப்புப் பணியில் தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. பழைய குறிப்புக் கட்டத்தில் இருந்த ‘டி.சி.’ பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வரவில்லை என்பது நில மீட்பு இயக்கங்கள் இடைவிடாமல் எழுப்பும் புகார். அனுபவத்தில் இருந்தவர் பெயர் பட்டாவில் ஏறியது, இரண்டெழுத்து உதிர்ந்தது. ஒரு குமாஸ்தாவின் பேனா எழுதாமல் விட்டால் போய்விடும் பாதுகாப்பு எவ்வளவு மெலிந்தது!

இழப்பீட்டுக் கணக்கில் இந்த மெலிவு இன்னும் தெளிவாகத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிறுத்திய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பை அது மேற்கோள் காட்டியது. தீர்ப்பின்படி பிறகு அமைந்த இழப்பீட்டு ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 186 கிராமங்களில் 15,164 ஹெக்டேரைப் பாதிப்பாக ஏற்று, 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2001இல் முடிவு சொன்னது. கட்ட வேண்டியவை 547 டேனரிகள். வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கு அது. ஏக்கருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. தொகை சிறியது என்பது எல்லோரும் சொன்னதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்தக் கணக்கு நிலப் பாதிப்பை அடிப்படையாகக் கொண்டது என்பது. பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் இழந்தவர். பழைய ‘டி.சி.’ குறிப்பு உதிர்ந்துபோன ஒரு புலத்துக்கு இழப்பீடு கிடைத்திருந்தால், அது யூ.டி.ஆர். பட்டாவில் பெயர் ஏறியவருக்கே போயிருக்கும். நிலத்தை ஒருமுறை இழந்த குடும்பம், அதே நிலம் கெட்டதற்கான ஈட்டையும் இரண்டாவது முறையாக இழக்கும். இது யாருடைய தனிப்பட்ட சூழ்ச்சியும் இல்லாமல், காகிதம் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்ததாலேயே நடக்கக்கூடியது.

இவ்வளவும் பழைய கதை, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, இனி எதற்குக் கிளற வேண்டும் என்பவர்களுக்கு 2025 ஜனவரி 30 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதில். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, விடுபட்டவர்களுக்கும் சேர்த்து இழப்பீட்டை அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1996இல் சொன்னதை இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் இப்போது இது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று கலெக்டர்களின் மேசைக்கும் போகும் வேலை.

அந்த மூன்று கலெக்டர்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு; அதற்குப் புதுச் சட்டமோ புது நிதியோ தேவையில்லை. யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடுகள் ஆவணக் காப்பறைகளில் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட 186 கிராமங்களின் பட்டியலும் அரசிடமே இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘டி.சி.’ குறிப்பு உள்ள புல எண்களையும் இன்றைய பட்டாதாரர் பெயரையும் கிராம சபையில் படிக்கச் செய்ய வேண்டும். இனிக் கொடுக்கப் போகும் இழப்பீடு ஒரு ரூபாயானாலும் அந்தப் பட்டியல் படிக்கப்பட்ட பிறகே கொடுக்கப்பட வேண்டும். இந்த ஊர்களில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரக் கேட்கலாம். கேட்பதற்கு உங்கள் பெயரில் பட்டா இருக்க வேண்டிய அவசியம் இல்லை.